பரம்பரை என்னும் ஒற்றைச் சொல்

நீரிழிவைப் பற்றி நம்மவர் பேசும்போது ‘பரம்பரை’ என்னும் சொல் இரண்டு இடங்களில் வந்து நிற்கிறது. “எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது, எப்படியும் எனக்கும் வரும்” என்பது ஓரிடம். “எங்கள் பரம்பரையிலேயே கிடையாது, பிள்ளைக்கு எப்படி வரும்?” என்பது மற்றோரிடம். முதற்கூற்று நடுவயதினரைப் பரிசோதனையிலிருந்தும் நடைப்பயிற்சியிலிருந்தும் விலக்கி வைக்கிறது. இரண்டாம் கூற்று சில வேளைகளில் ஒரு குழந்தையின் உயிரையே கொண்டுபோய்விடுகிறது. இரண்டுமே பிழையானவை. அப்பிழையில் நம் மொழிவழக்குக்கும் பங்குண்டு என்று கருதுவதால் இந்த நீண்ட பதிவு.

நான் மருத்துவம் பயிலவில்லை. மொழியியலில் முதுகலை முடித்து, தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒரே தெருவில் புழங்கும் மட்டாஞ்சேரியில் உறவுமுறைச் சொற்களையும் நோய்ப்பெயர்களையும் ஆராய்ந்து வருகிறேன். இங்கே வரும் மருத்துவத் தரவுகள் வெளிவந்த ஆய்வுகளிலிருந்து எடுத்தாளப்பட்டவை; சிகிச்சை அறிவுரை எதுவும் இதில் இராது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு உண்டு. ஆகவே எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பெயரிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் ‘சர்க்கரை’ என்கிறோம். ஈழத்தில் ‘சீனி வருத்தம்’. மலையாள எழுத்து வழக்கில் ‘பிரமேஹம்’, பேச்சில் ‘ஷுகர்’. தமிழர் ஒருவர் இங்குள்ள தேநீர்க் கடையில் “சர்க்கரை வேண்டாம்” என்றால் கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார். மலையாளத்தில் ‘சர்க்கர’ என்பது வெல்லம், சீனிக்குப் பெயர் ‘பஞ்சசார’. (தமிழிலும் சர்க்கரைப் பொங்கலில் அந்தப் பழம்பொருள் எஞ்சியிருக்கிறது. சீனிதான் ஆகாது, வெல்லம் ஆகும் என்று நம்புவோர் இரு மொழியிலும் இருக்கிறார்கள். இரத்தத்திற்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.) ‘நீரிழிவு’ என்பது இவையனைத்தினும் நேர்த்தியான சொல். நீர் மிகுதியாகக் கழிதல் என்னும் அறிகுறியை அது சொல்கிறது. ‘டயாபடீஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடே ஒழுகிச் செல்லுதல் என்னும் அதே பொருளைத்தான் தருகிறது.

இப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. காரணத்தால் வேறுபட்ட பல நோய்களுக்கு, அவை எல்லாவற்றிலும் தென்படும் ஓர் அடையாளத்தைக் கொண்டு இடப்பட்ட ஒரே பெயர்கள் இவை. ‘காய்ச்சல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆனால் “காய்ச்சல் தொற்றுமா?” என்று கேட்டால், எந்தக் காய்ச்சல் என்று திருப்பிக் கேட்கும் அறிவு நம் பாட்டிமாருக்கும் உண்டு. “சர்க்கரை பரம்பரையா?” என்று கேட்டால் மட்டும், எந்தச் சர்க்கரை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

வகைகளுக்கு மருத்துவம் பெயரிட்டபோதும் சிக்கல் தீரவில்லை. முன்பு ‘இன்சுலின் சார்ந்தது’, ‘இன்சுலின் சாராதது’ என்று பகுத்திருந்தார்கள். சிகிச்சையை வைத்துப் பெயரிட்டால் குழப்பம் வருகிறது என்று 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அவற்றைக் கைவிட்டு, டைப் ஒன்று, டைப் இரண்டு என்பவற்றை நிலைநிறுத்தியது. ஆங்கிலத்தில் அவை வெறும் அடையாள எண்கள். தமிழில் நாம் அவற்றை ‘முதல் வகை’, ‘இரண்டாம் வகை’ என்று வரிசை எண்ணாக்கினோம். வரிசை எண் என்றவுடன் படிநிலை என்னும் பொருள் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் வகை முற்றினால் இரண்டாம் வகை ஆகும் என்று எண்ணும் படித்தவர்களையும் கண்டிருக்கிறேன். வழக்கிலோ ‘மாத்திரைச் சர்க்கரை’, ‘ஊசிச் சர்க்கரை’ என்னும் பகுப்பே வாழ்கிறது. மருத்துவம் கைவிட்ட பழைய பகுப்பு அது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. பெரும்பாலும் குழந்தைகளிடமும் இளையோரிடமும் தோன்றுகிறது. எந்த வயதிலும் வரலாம். குழந்தைக்கு வந்த நோய் ஆதலால் பிறவியிலேயே வந்தது, ஆகவே பரம்பரை என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. உண்மை நிலை வேறு. முதல் வகை கண்டறியப்படும் குழந்தைகளுள் மிகப் பெரும்பான்மையோருக்கு, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு, தாய் தந்தையரிடமோ உடன்பிறந்தோரிடமோ அந்நோய் இருப்பதில்லை. தந்தைக்கு முதல் வகை இருந்தால் குழந்தைக்கு வரக்கூடிய அளவு பதினேழில் ஒன்று என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தரும் மதிப்பீடு. தாய்க்கு இருந்தால் அதனினும் குறைவு: இருபத்தைந்து வயதுக்கு முன் ஈன்ற குழந்தைக்கு இருபத்தைந்தில் ஒன்று, அதன் பின் ஈன்ற குழந்தைக்கு நூற்றில் ஒன்று. இவை மேலைநாட்டு மக்களிடம் கணக்கிடப்பட்டவை. ஆயினும் தாயைவிடத் தந்தை வழியில் மிகுதி என்னும் செய்தியை, குறையை எப்போதும் தாயின் தலையில் இறக்கும் நம் வழக்கத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

“எங்கள் பரம்பரையிலேயே கிடையாது” என்னும் கூற்றின் ஆபத்து இங்குதான். நன்றாக இருந்த பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது. ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட பிள்ளை மீண்டும் நனைக்கிறது. சில வாரங்களில் இளைத்துவிடுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாததால் நீரிழிவு என்னும் எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. பிறகு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு. இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும் அந்நிலையை வயிற்றுக்கோளாறு என்றோ சளி என்றோ எடுத்துக்கொண்டு இரண்டு நாள் போய்விடுகிறது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நம் சொற்களுள் ஒன்று தடுத்து நிற்கிறது.

கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு இயக்கம் இத்தகைய குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் வழங்க ஒரு திட்டம் நடத்துகிறது. அதன் பெயர் ‘மிட்டாயி’. இனிப்பை மறுக்கப்படும் குழந்தைகளின் திட்டத்துக்கு இனிப்பின் பெயர். முதலில் கேட்டபோது நெருடியது; இப்போது, நோயின் பெயரைப் பிள்ளையின் நெற்றியில் எழுதாமல் விட்ட நாகரிகம் என்றே படுகிறது.

அந்த நாகரிகம் திருமணப் பேச்சில் இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த, முதல் வகையுள்ள பெண் ஒருவரை, “பரம்பரையாக வரும்” என்று சொல்லி மணமகன் வீட்டார் மறுத்தார்கள். அந்த மணமகனின் தாய், தந்தை இருவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. குழந்தைகளுக்கு எந்தப் பக்கத்திலிருந்து மிகுதியாக வரக்கூடும் என்று கணக்கிட்டால் விடை மணமகன் பக்கமே சாய்ந்திருக்கும். அதை யாரும் கணக்கிடவில்லை. இரண்டாம் வகை, அவ்வளவு எங்கும் நிறைந்திருப்பதால், நோயாகவே எண்ணப்படவில்லை போலும்.

பொதுப்புத்தி தலைகீழாக நிற்பது இந்த இடத்தில்தான். முதல் வகை பிறவி வழி வருவது, இரண்டாம் வகை தின்று தேடிக்கொண்டது என்பது பரவலான எண்ணம். உண்மையில் குடும்பங்களில் மிகுதியாகத் தொடர்ந்து வருவது இரண்டாம் வகையே. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் வாழ்நாளில் பிள்ளைக்கு வரக்கூடிய அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு, இருவருக்கும் இருந்தால் 70 விழுக்காடு என்பது மேலைநாட்டு ஆய்வுகளை ஒட்டி வழக்கமாகக் கூறப்படும் மதிப்பீடு. நமக்கு நெருக்கமான சான்று சென்னையில் உண்டு. 1948இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய மருத்துவர் எம். விசுவநாதனும் அவர்தம் குழுவினரும், தாய் தந்தை இருவருக்கும் இரண்டாம் வகை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பரிசோதித்து 1985இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அந்தக் கட்டுரையை நான் எந்த மனநிலையில் படித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழம்பெருமை பேசும் பதிவுகளில் அடிக்கடி வரும் ஒரு செய்தியையும் இங்கே தொட வேண்டும். சுசுருத சங்கிதை இந்நோயைப் பிறவியோடு வருவது என்றும், தகாத உணவொழுக்கத்தால் வருவது என்றும் இரண்டாகப் பகுக்கிறது; முன்னதைப் பெற்றோரின் வித்துக்குறையோடும் மெலிந்த உடலோடும், பின்னதைப் பருத்த உடலோடும் இணைக்கிறது. கூர்ந்த அவதானிப்பு, ஐயமில்லை. ஆனால் அவைதாம் இன்றைய டைப் ஒன்றும் டைப் இரண்டும் என்று சமன்பாடு போடுவது எனக்கு உடன்பாடன்று. மெலிந்தவனுக்கு வித்து, பருத்தவனுக்கு வாய் என்னும் அந்தப் பகுப்பைத்தான் இன்றைய ஆய்வுகள் கலைத்துப் போட்டிருக்கின்றன.

‘பரம்பரை’ என்னும் சொல் முழுப்பொருளில் பொருந்தும் நீரிழிவு ஒன்றும் உண்டு. ‘மோடி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வகையில், ஒரேயொரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் பெற்றோருள் ஒருவரிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறுகிறது. கைமாறும் அளவு சரிபாதி. பாட்டி, தந்தை, மகள் என்று மூன்று தலைமுறை, பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்கு முன்பே, பருமனில்லாத உடல்களில் தோன்றினால் ஐயுற வேண்டியது இதனை. அரிதானது. ஆயினும் இதை முதல் வகை என்று கருதி ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் சிலர், மரபணுச் சோதனைக்குப் பின் மருத்துவர் வழிகாட்டலில் மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். பகுப்பு எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு இது போதும்.

கேரளத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் இன்னொரு வகையைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குள்ள ஏழை, மெலிந்த இளைஞர்களிடம் ஒரு நீரிழிவு காணப்பட்டது. சிறுவயதில் வயிற்றுவலி, பின்னர் கணையத்தில் கற்கள், அதன் பின் நீரிழிவு. மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் இத்தகைய நோயாளர்களைப் பெருமளவில் ஆராய்ந்து 1968இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தபோது பரம்பரை என்றார்கள். மரவள்ளிக் கிழங்கையே உண்டு வாழ்ந்த ஏழ்மையைக் காரணம் காட்டியோரும் உண்டு. ஆனால் கிழங்கு உண்ணாத ஊர்களிலும் நோய் இருந்தது, கிழங்கு உண்ணும் பல நாடுகளில் நோய் இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘ஸ்பிங்க்1’ என்னும் மரபணுவின் ஒரு மாற்றம் இந்நோயாளர் பலரிடம் காணப்பட்டது. அம்மாற்றம் இருந்தும் நோயின்றி வாழ்வோரும் உண்டு. மரபணுவா, உணவா என்று கேட்டால் ஒற்றை விடை கிடைக்காத நோய் அது.

ஊட்டக்குறைவோடு இணைந்த நீரிழிவை 1985இல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக ஏற்றது. 1999இல் அவ்வகையை நீக்கிவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அயல்நாட்டு ஆய்வாளர்களும் மெலிந்த உடலுடைய நோயாளர்களை மீண்டும் ஆராய்ந்தபின், 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய உலக நீரிழிவுக் கூட்டமைப்பின் மாநாட்டில் அது ‘டைப் ஐந்து’ என்னும் பெயரோடு திரும்பி வந்தது. மருத்துவ உலகில் இதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குப் படுவது இது: பட்டியலில் பெயர் இல்லாத கால் நூற்றாண்டில் அந்த நோயாளர்கள் மறைந்துவிடவில்லை. ஏதோ ஒரு வகையின் பெயரால் பதிவுசெய்யப்பட்டு, அந்த வகைக்குரிய மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

தாய் வழி வருவதெல்லாம் மரபணு வழி வருவதன்று என்பதும் ‘பரம்பரை’ மறைக்கும் உண்மைகளுள் ஒன்று. அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரே தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்தபின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். பின்னவரிடமே நீரிழிவு மிகுதியாகத் தோன்றியது. தாயும் அவரே, தந்தையும் அவரே. வேறுபட்டது கருப்பையின் சூழல். கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று சென்னையிலிருந்து மருத்துவர் வி. சேஷையா பல்லாண்டு வற்புறுத்தியதன் பொருள் இங்கு விளங்கும். மரபணுவை மாற்ற இயலாது. ஒன்பது மாதம் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க இயலும்.

இனி வீடு. சென்ற ஆண்டு இப்பகுதியில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் மொழிபெயர்த்து உதவச் சென்றிருந்தேன். ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள வண்ணார் துறையைச் சார்ந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். மலையாளச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் கேட்ட வினா: “வீட்டில் ஆர்க்கெங்கிலும் ஷுகர் உண்டோ?” ஓர் அம்மையார் உடனே விடை சொன்னார்: “இருக்கு சிஸ்டர். மாமியாருக்கு இருந்துச்சு, காலை எடுத்தாங்க. இப்ப அவருக்கும் இருக்கு.” செவிலியர் ‘குடும்ப வரலாறு உண்டு’ என்று குறித்துக்கொண்டார். நான் குறுக்கிட்டு, “அக்கா, உங்களைப் பெத்த அம்மா அப்பாவுக்கு?” என்று கேட்டேன். “எங்க அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது. அப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலேயே போயிட்டாரு.”

வினா ‘வீட்டில்’ என்று இருந்தது. விடையும் வீட்டைப் பற்றியே வந்தது. மணமான தமிழ்ப் பெண்ணுக்கு வீடு என்பது புகுந்த வீடு. ‘குடும்பத்தில்’ என்று கேட்டிருந்தாலும் இதுவே நடந்திருக்கும். நம் குடும்பம் என்பது உலையால் வரையறுக்கப்படுவது. மருத்துவர் கேட்பதோ குருதியால் வரையறுக்கப்படும் வட்டத்தை.

செவிலியரின் குறிப்பு பிழை என்று அன்று எண்ணினேன். பின்னர் படிக்கப் படிக்க அந்த அம்மையாரின் விடை அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று என்று தெரிந்தது. கணவன் மனைவியருள் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் மற்றவருக்கும் வரக்கூடிய அளவு 26 விழுக்காடு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை ஒன்று கூறுகிறது. இருவருக்கும் குருதித் தொடர்பு இல்லை. பொதுவாக இருப்பவை அடுக்களை, அரிசியின் அளவு, இரவு உணவின் நேரம், நடக்க இடமில்லாத தெரு. மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறிய சமையல் முறையும் ஒருவகைப் பரம்பரைதானே. அந்தப் பரம்பரையில் கைவைக்க நமக்கு உரிமையும் வழியும் உண்டு.

கைவைத்தால் பயனுண்டா என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் உடலுழைப்பையும் தொடர் வழிகாட்டலோடு மாற்றிக்கொண்டவர்களுள் 39.3 விழுக்காட்டினர். முழு விடுதலை அன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் “எப்படியும் வரும்” என்போர் இந்த இரு எண்களுக்கும் இடைப்பட்ட மனிதர்களைப் பார்க்க மறுக்கிறார்கள்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, கேரளத்தில் வயதுவந்தோருள் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்கிறது. நால்வரில் ஒருவருக்கு இருக்கும் ஊரில் தன் உறவினருள் ஒருவருக்கேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. அங்கே ‘பரம்பரையாக உண்டு’ என்று படிவத்தில் ஒரு குறியிடுவது ஏறத்தாழ எதையும் சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

ஆகவே கலைச்சொல் அகராதி தொகுப்போருக்கும், நலவாழ்வுப் படிவங்களைத் தமிழாக்குவோருக்கும் என் வேண்டுகோள் இது. ‘குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா?’ என்னும் ஒற்றை வினாவை உடைத்துவிடுங்கள். உங்களைப் பெற்ற தாய்க்கு உண்டா, தந்தைக்கு உண்டா, உடன்பிறந்தோருக்கு உண்டா? அவர்களுக்கு எந்த வயதில் வந்தது, அப்போது உடல் மெலிந்திருந்ததா, பருத்திருந்ததா? உங்களைக் கருவுற்றிருந்தபோது தாய்க்குச் சர்க்கரை இருந்ததா? இப்போது ஒரே உலையில் உண்பவருள் யாருக்கு உண்டு? ‘பெற்ற’, ‘உடன்பிறந்த’ என்னும் அடைகள் நம்மிடம் ஐயத்திற்கு இடமின்றி இருக்கின்றன, பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம். வகைகளை எழுதும்போது ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்பவற்றைத் தவிர்த்து ‘வகை 1’, ‘வகை 2’ என்று எழுதி, ஒன்று மற்றொன்றாக மாறாது என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் நல்லது. குழந்தைகளுக்கான பக்கத்தில் குடும்ப வரலாற்று வினாவை முதலில் வைக்காதீர்கள். தாகம், சிறுநீர், இளைப்பு ஆகியவற்றைக் கேட்டபின் வையுங்கள்.

முகாம் நடத்தியவர்களுக்காக இவ்வினாக்களை இரு மொழியிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலையாளத்தில் ‘பெற்றம்ம’ என்னும் சொல் கைகொடுக்கிறது. மணமான பெண்களிடம் ‘வீடு’ என்னும் சொல்லின்றி இவ்வினாவைக் கேட்பதுதான் அங்கும் கடினமாக இருக்கிறது. யாழ்ப்பாணம், மலையகம், மலேசியா, சிங்கப்பூர் நண்பர்கள் தத்தம் ஊர் மருத்துவமனைகளில் இவ்வினா எந்தச் சொற்களால் கேட்கப்படுகிறது என்பதைப் பின்னூட்டத்தில் அப்படியே, பேச்சு வழக்கிலேயே, எழுதினால் உதவியாக இருக்கும்.